பின்சீட்டில் பிடித்த பல்பு

பனிமலைக்குப் போய்வந்து எங்கள் பள்ளி மலருக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இந்தப் பக்கங்களில் பனிமலை இல்லை. மயிலாப்பூரில் கிளம்பி, தி. நகர், சைதாப்பேட்டை வழியாக ஈக்காட்டுத்தாங்கல் போய், அடையாறு வழியாகத் திரும்பிய ஒரு வியாழக்கிழமை மட்டும்தான் இருக்கிறது. சோதனை ஓட்டங்களையும் சேர்த்து முப்பது கிலோமீட்டர். போகாதவர்களுக்குப் போனவர்கள் சொல்வதுதான் பயணக் கட்டுரை என்றால், இதற்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

காலை 8.10. மயிலாப்பூர்.

கிளம்பும்போது எங்களுக்கு இருந்த கெடு மாலை ஐந்து மணி. அதற்குள் சென்ட்ரல் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் மோட்டார் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். அது சண்டிகருக்கு முன்னால் போகும். நானும் என் மனைவி ரெஜினாவும் சனிக்கிழமை இரவு ரயிலில் பின்னால் போவோம். அங்கிருந்து இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு இருவரும் ஒரே வண்டியில். பள்ளிக் காலாண்டு விடுமுறை பத்து நாள். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். இதைவிட நீண்ட விடுமுறை எனக்கு அடுத்த கோடையில்தான்.

அடுத்த கோடைவரை காத்திருக்க முடியாததற்குக் காரணம் ரெஜினாவின் கண்கள். கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நடுப்பார்வை நன்றாக இருப்பதாக ஜூன் மாதப் பரிசோதனையில் டாக்டர் சொன்னார். "பாக்க வேண்டியதை இந்த வருஷமே பாத்துடுங்க" என்றும் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கை: நேராகப் பார்க்கும் பார்வையில் சிறிய மாற்றம் தெரிந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

ரெஜினாவுக்குப் பனி பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதுவரை குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே அவள் பனிக்கட்டி பார்த்ததில்லை. அதற்காகத்தான் கல்லிலும் சேற்றிலும் போகக்கூடிய இந்த உயரமான வண்டியை வாங்கினேன். ஓராண்டு ஓட்டிப் பழகினேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பங்குச் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ரெஜினா வேளாங்கண்ணி மாதாவின் சிறிய சுரூபம் ஒன்றை, கார்களில் முன்பக்கம் நிற்கவைப்பார்களே அதைப் போன்றது, வாங்கி வந்திருந்தாள். மீட்டர் பக்கத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

"அப்ப மாதா எங்கதான் உக்காருவாங்க?" என்றாள்.

"சீட்டுக்குக் கீழ வெச்சுக்கோ."

அப்படியே வைத்தாள்.

திங்கட்கிழமை முதல் வண்டி ஓடும்போதே நிற்க ஆரம்பித்தது. மீட்டரில் இன்ஜின் வடிவத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும், இன்ஜின் அணைந்துவிடும். சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நகரத்தில் இது எரிச்சல், அவ்வளவுதான். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில் பின்னால் ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு இப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை நான் மூன்று இரவுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

8.45. தி. நகர். ஐந்து கிலோமீட்டர்.

எல்டாம்ஸ் சாலை முடிவில், தேனாம்பேட்டை சிக்னல் பச்சையானதும் வண்டி நின்றது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "பெரியவரே, மலை ஏர்ற வண்டி மாதிரி கீது, சிக்னல் தாண்ட மாட்டேங்குதே!" என்றார். ரெஜினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தி. நகர் சர்வீஸ் நிலையத்தில் சீட்டைக் கழற்றினார்கள். டை கட்டிய இளைஞர் மாதாவை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கணினி இணைப்பைச் செருகினார். இன்ஜினை நாற்பது நிமிடம் ஓடவிட்டார்கள். ஒரு முறைகூட நிற்கவில்லை.

"ஸ்கேனர்ல ஒரு எரரும் காட்டல சார். வண்டி பர்ஃபெக்ட்."

"அப்ப ஏன் நிக்குது?"

"எங்க முன்னாடி நின்னாதான் சார் சொல்ல முடியும். திங்கக்கிழமை விட்டுட்டுப் போங்க, அப்சர்வேஷன்ல வெச்சுப் பாக்கறோம்."

திங்கட்கிழமை நாங்கள் சண்டிகரில் இருக்க வேண்டும். ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் கட்டினேன். இளைஞர் மாதாவைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து, சீட்டை மூடினார். சி.ஐ.டி. நகர் தாண்டுவதற்குள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

11.00. சைதாப்பேட்டை. மூன்று கிலோமீட்டர்.

சந்தைக்குப் பின்னால் வண்டி எலெக்ட்ரீஷியன் கஜாவின் கடை. ஒரு ஷட்டர் அகலம். உள்ளே பகலிலும் இருட்டு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டே பேசுவார்.

"இன்னா சார், எவ்ளோ நாளா படுத்துது?"

சொன்னேன். பேட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. முனைகளை இறுக்கினார். அவரும் மாதாவைப் பயபக்தியோடு எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். அரை மணி நேரம் ஓடவிட்டார். வண்டி நிற்கவில்லை.

"நின்னுக்கினு இருந்தா நிக்காது சார் இது. ஓடிக்கினு இருக்கசொல்ல புடிக்கணும்."

மீட்டரில் போடும் சின்ன பல்பு ஒன்றை எடுத்தார். அதில் இரண்டு ஒயர்களை இணைத்து, ஒன்றைச் சாவிக்கு அப்பால் மின்சாரம் போகும் கம்பியிலும் மற்றதை இரும்புச் சட்டத்திலும் சேர்த்து, பல்பைச் சீட்டின் பின்பக்கம்வரை நீட்டிக் கொண்டுவந்தார்.

"அம்மா, இத்த கையில புடிச்சுக்கோங்க. வண்டி எப்ப நிக்குதோ அப்ப எரியுதா இல்லியான்னு பாக்கணும். அணைஞ்சிருந்தா கரண்டே வரல, சாவியிலயோ சாவிக்கு முன்னாடியோ கோளாறு. எரிஞ்சிக்கினு இருந்தா கரண்டு வருது, கோளாறு அதுக்கு அப்பால. நின்ன ஒடனே பாக்கணும். சார் சாவிய ஆஃப் பண்ணிட்டா பல்பும் பூடும்."

சாவியைப் போட்டுக் காட்டினார். கடையின் இருட்டில் பல்பு மஞ்சளாக எரிந்தது.

"தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுது. என்னையும் மெக்கானிக் ஆக்கிட்டீங்க."

"சம்பளத்த சாரண்ட கேட்டு வாங்கிக்கோங்க."

மாதாவை உள்ளே வைத்தார், சீட்டை மூடினார். ரெஜினா பின்னால் ஏறினாள். அவளுக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கண் பழுதான பிறகு மழலையர் வகுப்பை விட்டு நின்றவள். வீட்டில் நான்தான் எல்லாவற்றையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறைமலையடிகள் பாலத்தின் நடுவில், கீழே அடையாற்றின் கறுத்த தண்ணீர் தெரிந்த இடத்தில், வண்டி நின்றது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்க வழியில்லை.

"பல்பு எரியுதா?" என்று கத்தினேன்.

"இல்லைங்க! எரியலை!"

எனக்குக் கிட்டத்தட்ட நிம்மதியாகவே இருந்தது. ஒரு விடை கிடைத்துவிட்டது. ஓரமாக உருட்டி, சாவியை அணைத்துப் போட்டு, சின்னமலையில் திரும்பிக் கடைக்கு வந்தோம். கஜா சாவிக்கட்டைக்குக் கீழே இருக்கும் ஒயர் இணைப்பை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார். மறுபடி பாலம். மறுபடி நின்றது. மறுபடி கேட்டேன்.

"எரியலைங்க. நல்லா பாத்துட்டேன். எரியலை."

கஜா தலையைச் சொறிந்தார். "சாவி புதுசாட்டம் பண்ணிட்டேன். அப்பகூட பல்பு எரியலன்னா பேட்டரிலேர்ந்து சாவிக்கு வர்ற லைன்ல எங்கியோ உள்ள அறுந்துகினு கீது. டேங்க்க கயிட்டி மொத்த ஒயரயும் பிரிக்கணும். என் கடையில எடமில்ல சார். ஈக்காட்டுத்தாங்கல்ல ஷாகுல் பாய்னு ஒருத்தரு கீறாரு. நான் அனுப்சேன்னு சொல்லுங்க."

நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பல்பைக் கழற்றவில்லை. "பாய்க்கும் ஆவும்" என்றார். வழியில் மூன்றாம் முறை வண்டி நின்றபோதும் ரெஜினா பின்னாலிருந்து அதையே சொன்னாள்.

பகல் 1.15. ஈக்காட்டுத்தாங்கல். ஐந்து கிலோமீட்டர்.

சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த ஒரு குறுக்குத் தெரு. எதிர்க் கட்டடத்தில் லேத் ஓடும் சத்தம். தகரக் கூரைக்குக் கீழே ஷாகுலின் பட்டறை. என் வயதுதான் இருக்கும், அளந்து பேசுபவர். நான் கண்டதைத் தேதி, நேரம், இடத்தோடு சொன்னேன். பல்பு மூன்று முறையும் எரியவில்லை என்பதை அழுத்திச் சொன்னேன்.

"யார் பாத்தது?"

"என் வொய்ஃப்."

"அப்ப லைன்தான்" என்று சொல்லிவிட்டு டேங்கைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத மனமில்லை. கறுப்பு டேப் சுற்றிய ஒயர்க் கற்றையை அவர் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். ஒவ்வொரு கம்பியையும் மின்சாரம் அளக்கும் மீட்டரால் சோதித்தார், வளைத்தார், இழுத்தார். கம்பிகள் எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு வருடம் நான் துடைத்து வைத்திருந்த வண்டி குடல் சரிந்த பிராணியைப்போல் கிடந்தது. ரெஜினா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை மூன்று பங்காக்கினாள். ஷாகுல் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை.

"ஸ்பிட்டில இந்தச் சாதம் கெடைக்காது பாய். இப்பவே சாப்பிட்டுக்குங்க."

"நீங்கதானே போறீங்க? நான் ஏம்மா சாப்பிடணும்?"

"நாங்க போறதே உங்க கையிலதான் இருக்கு. அதான் லஞ்சம்."

மூன்றரை மணிக்கு ஒயர்களை மறுபடி சுற்றி டேங்கை மாட்டினார். சென்ட்ரலுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம். அவருக்கும் அது தெரியும்.

"சார், இவ்ளோ பாத்துட்டேன், ஒயர்ல ஒண்ணும் இல்ல. ஒரு தடவ நானே ஓட்டிப் பாக்கறேன்."

பல்பைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, டேங்கின் மேல் தன் கண்ணுக்கு நேராக டேப் போட்டு ஒட்டினார். உள்வட்டச் சாலைவரை போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பினார். வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் ரெஜினாவைப் பார்த்தார்.

"நின்னுச்சா?" என்றேன்.

"ரெண்டு வாட்டி நின்னுச்சு. பல்பு எரிஞ்சிக்கினுதான் கீது சார். வண்டி மட்டும் ஆஃப் ஆவுது."

"அப்படியில்லையே, காலையிலேர்ந்து…"

"நல்லா எரியுது சார்."

அதற்குமேல் அவர் என்னோடு வாதிடவில்லை. மின்சாரம் வருகிறது என்று தெரிந்துவிட்டதால் அவருக்கு வேலை எளிதாகிவிட்டது. சீட்டைத் தூக்கினார். இதுபோன்ற வண்டிகள் கீழே சாய்ந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. அது சீட்டுக்கடியில், இரும்புச் சட்டத்தில் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மாதா. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுரூபத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இன்ஜின் நின்றது. எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஓடியது. மறுபடி கிட்டே கொண்டுபோனார். நின்றது.

"அடில காந்தம் சார். கார்ல நிக்கறதுக்கு வெப்பாங்கல்ல. ரோட்ல குதிச்சிக்கினு போவசொல்ல கொஞ்சம் கொஞ்சமா நவுந்து சென்சார்கிட்ட போவுது, அடுத்த குலுக்கல்ல தள்ளி வந்துடுது. சென்சாருக்கு வண்டி விழுந்துடுச்சுன்னு நெனப்பு."

தி. நகரிலும் சைதாப்பேட்டையிலும் ஏன் வண்டி நிற்கவே இல்லை என்பது அப்போது விளங்கியது. சீட்டைத் திறந்த ஒவ்வொருவரும் முதலில் மாதாவை மரியாதையாக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதே மரியாதையோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். ஷாகுலும் அப்படித்தான் செய்திருந்தார்.

"நம்ம மாதாவா நிறுத்துனது!" என்று ரெஜினா கைகொட்டிச் சிரித்தாள். "மணி என்னங்க? இன்னும் போயிடலாம்ல?"

மணி 3.55. போய்விடலாம். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வழியில் நெரிசல் இருந்தாலும் போய்விடலாம்.

நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாகுலும் அதைத்தான் பார்த்தார். டேங்கிலிருந்து டேப்பைப் பிரித்து, சாவியைப் போட்டு, தகரக் கூரையின் நிழல் விழும் இடத்தில் பல்பை நீட்டினார். நான் நான்கடி தள்ளி நின்றேன். எனக்கு அதன் கம்பிச் சுருள்கூடத் தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் புடிங்க."

ரெஜினா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

"எரியுதா?" என்று நான் கேட்டேன்.

அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் சாய்த்தாள். கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தாள். எனக்கு இன்றுவரை மறக்காதது அவளுடைய கவனம். வகுப்பில் குழந்தையின் சிலேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இல்லைங்க. சாவி போட்டிருக்கா?"

அவள் எங்கள் இருவர் முகத்தையும் தேடினாள்; பிறகு விரல்களைப் பல்பின் மேல் மூடினாள்.

"சூடா இருக்கு" என்றாள். "கஜா கடை இருட்டுல தெரிஞ்சுது. பாலத்து மேலயும் சூடாத்தான் இருந்துச்சு. வெயில்னு நெனச்சேன்" என்றாள்.

ஷாகுல் கணக்குச் சொல்ல மறந்து உள்ளே போய்விட்டார். நான்தான் கணக்குக் கேட்டு ஆயிரத்து இருநூறு கொடுத்தேன். அவர் மாதாவை ஒரு பழைய துணியில் சுற்றி ரெஜினாவின் கைப்பையில் வைத்தார். "இங்க இருக்கட்டும்மா. இங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

4.20. கிண்டி.

அண்ணா சாலையில் ராஜ்பவன் வரை எங்களுக்கு ஒரே வழி. அதன் பிறகு நேராகப் போனால் சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, சென்ட்ரல். வலப்பக்கம் திரும்பினால் சர்தார் படேல் சாலை, அடையாறு, மயிலாப்பூரில் எங்கள் கண் மருத்துவமனை. சிக்னல் சிவப்பு.

"நேரா போங்க" என்றாள் ரெஜினா.

"டாக்டர் அன்னிக்கே வரணும்னு சொன்னார்."

"டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டார். மலைதான் மூடிடும்."

"ரெஜினா."

"பல்பு சூடு கையில தெரிஞ்சுதுல்ல? பனி தெரியாதா? எனக்கு அது போதும். நேரா போங்கன்னு சொல்றேன்ல."

அவள் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். சிக்னல் பச்சையானது. நான் வலப்பக்கம் திருப்பினேன். அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அடையாறு சிக்னலில் நிற்கும்போது அவளாகவே சொன்னாள்: "மாதா எதுக்கு நிறுத்துனாங்கன்னு இப்ப புரியுதா? இல்லன்னா இது தெரிஞ்சிருக்காது. நாம பாட்டுக்குப் போயிருப்போம்."

அவளுக்கு அது ஆறுதல் என்பதால் நான் மறுக்கவில்லை. எனக்கு அந்த ஆறுதல் வாய்க்கவில்லை. நிறுத்துவதாக இருந்தால் நடுப்பார்வை மங்கத் தொடங்கிய அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்; கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம்.

அன்று மாலை டாக்டர் சொன்னது, நாங்கள் வழியிலேயே அறிந்துகொண்டதுதான். போனது திரும்பாது. மீதியைக் காப்பாற்றச் சொட்டு மருந்தை மாற்ற வேண்டும், ஒரு சிறிய அறுவை செய்ய வேண்டும், ஆறு மாதம் நீண்ட பயணம் கூடாது. அவர் குறிப்பிட்ட ஆறு மாதம் முடியும்போது மலைப்பாதை இன்னும் திறந்திருக்காது. அது திறக்கும்போது அவளுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கடைசியில் தங்கள் ஊரோடு ஒப்பிட்டு ஏதாவது எழுதுவார்கள். நான் ஒப்பிட அங்கும் இதே ஊர்தான், இங்கும் இதே ஊர்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில், திரு.வி.க. பாலத்தில் ஏறியபோது கடல் பக்கமிருந்து காற்று வந்தது. ஆறு கடலைச் சேரும் இடத்தில் வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் வெள்ளையாக மின்னியது. தூரத்திலிருந்து பார்த்தால் பனி இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

பாலத்தின் நடுவில் அவள் கை மறுபடி என் தோளுக்கு வந்தது.

"ஏங்க, அந்த ஆரஞ்சு லைட்டு எரியுதா?"

"இல்லை" என்றேன்.

பட்டினப்பாக்கம் தாண்டியதும் கேட்டாள். சாந்தோமிலும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்த்துவிட்டு, உண்மையைத்தான் சொன்னேன். மருத்துவமனை வாசல்வரை வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.